ஆறுதலாய்ப் பார்த்த கப்டன்

எல்லா வேலையிலிருந்தும் எனக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். பொறாமைப்படுகிற வேலையிலிருந்து மட்டும் யாரும் கொடுக்கவில்லை. எழுபத்து மூன்று வயதில் அதை முழுநேரமாகப் பார்த்து வருகிறேன். லீவு கிடையாது. பொதுவிடுமுறை நாட்களில் இன்னும் சுறுசுறுப்பு.

யார் மேல் பொறாமை என்றால், சண்முகரத்தினம் மேல்.

சண்முகம் என் நண்பன்தான். ரயில்வேயில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். யாழ்ப்பாணத் தமிழன், ஆனால் பிறந்ததே இங்கே கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில். ஆங்கிலப் பள்ளியில் படித்தான். வீட்டில் கேட்டுக் கேட்டுத் தமிழ் பேசுவான், எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. 'அ' எழுதிக் காட்டினால் பூனை படுத்திருக்கிறது என்பான். நான் வீரப்பன், கிள்ளான் பக்கத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் தலைமையாசிரியராக இருந்தவன். என்னிடம் தமிழ் படித்தவர்கள் மலேசியாவில் மூன்று லட்சம் பேர். சரி, மூவாயிரம். பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் மாடியில் எங்கள் ஓய்வுபெற்றோர் மன்றம் கூடும். அங்கே இருபது வருஷமாக அவனுக்கும் எனக்கும் போட்டி. அவனுக்குத் தலைமுடி அதிகம். எனக்குத் தமிழ் அதிகம். தராசு சமமாக இருந்தது.

போன வருஷம் தை மாதம் தராசு கவிழ்ந்தது. சண்முகம் வீட்டைக் காலி செய்து சுபாங் ஜெயாவில் மகள் வீட்டுக்குக் குடிபோனான். அப்போது அவன் அப்பாவின் டிரங்குப் பெட்டி திறக்கப்பட்டது. உள்ளே ஒரு ஜெர்மன் பைனாகுலரும் ஒரு பழைய கொப்பியும், அதாவது நோட்டுப் புத்தகமும், இருந்தன.

அவன் அப்பா திருச்செல்வத்தின் கதை மன்றத்தில் எல்லாருக்கும் மனப்பாடம். யுத்த காலத்தில் அவர் 'லேடி மோர்ட்டன்' என்ற பிரிட்டிஷ் சரக்குக் கப்பலில் கிளார்க். இந்தியப் பெருங்கடலில் ஒரு ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் அதை அடித்து மூழ்கடித்தது. ஜெர்மன் கப்டன் தண்ணீரில் கிடந்த திருச்செல்வத்தைத் தூக்கித் தன் கப்பலில் ஏற்றிக்கொண்டார். ஜப்பான்காரன் அப்போது பினாங்கில் ஜெர்மன்காரனுக்குக் கப்பல் நிறுத்த இடம் கொடுத்திருந்தான். அங்கே கொண்டுவந்து இறக்கி, கணக்கப்பிள்ளை வேலையும் கொடுத்தார்கள். யுத்தம் முடிந்ததும் திருச்செல்வம் ஊருக்குத் திரும்பவில்லை. இங்கேயே ரயில்வேயில் சேர்ந்தார். "என்ட அப்பாவை ஒரு ஜெர்மன் கப்டன் காப்பாற்றினவர்" என்பான் சண்முகம். மாதம் ஒரு முறை என்பான். தீபாவளி மாதத்தில் இரண்டு முறை.

பைனாகுலரை மன்றத்துக்குக் கொண்டுவந்தான். எல்லாரும் வரிசையில் நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். என் மனைவி அமுதவள்ளியும் பார்த்தாள். "ஐயோ, மோனோரயில்ல நிக்கிற ஆளோட மூக்குத்தி தெரியுதுங்க!" என்றாள். கல்யாணமாகி நாற்பத்தாறு வருஷத்தில் நான் காட்டிய எதையும் பார்த்து அவள் 'ஐயோ' என்றதில்லை. பயத்தில் சொன்னதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கொப்பியை என்னிடம் நீட்டினான்.

"மாஸ்டர், அப்பா தமிழிலை எழுதி வைச்சிருக்கிறார். எனக்கு வாசிக்கத் தெரியாது. நீதான் இங்கிலீஷிலை மாத்தித் தரவேணும்."

"வாசிச்சுக் காட்டவா?"

"வேண்டாம் லா. டைப் பண்ணித் தா. பேப்பர்காரனுக்குக் குடுக்கிறேன்."

வாசித்துக் காட்டியிருக்கலாம். ஒரு தடவை வாய்விட்டு வாசித்திருந்தால் இந்தக் கதையே கிடையாது. ஆனால் டைப் செய்து கொடுத்தால் அடியில் 'மொழிபெயர்ப்பு: வீரப்பன்' என்று போடலாம் அல்லவா? தலையை ஆட்டிவிட்டேன்.

கப்பல் கவிழ்ந்த கதை கொப்பியில் ஒரே பக்கம். அதில் உயிரான இடம் மூன்று வரி. அப்படியே எழுதுகிறேன்:

'தண்ணியிலை தத்தளிச்ச சனத்தைக் கப்டன் ஆறுதலாய் ஒவ்வொருத்தராய்ப் பார்த்து முடிச்சார். சன்னம் முடிஞ்ச பிறகுதான் உள்ளே இறங்கினார். பொழுதுபட முன்னம் சத்தம் அடங்கினது.'

படித்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எப்பேர்ப்பட்ட கப்டன்! எதிரிக் கப்பலின் ஆட்கள் தண்ணீரில் கிடக்கிறார்கள். ஒவ்வொருவராகப் பார்த்து ஆறுதல் சொல்கிறார். குரல் சன்னமாகி ஓய்ந்த பிறகுதான் உள்ளே போகிறார். அழுகைச் சத்தம் அடங்குகிறது. மொழிபெயர்த்தேன். முடித்துப் பார்த்தால் கொஞ்சம் வறட்சியாகத் தெரிந்தது. 'கண்ணீர் மல்க' என்று ஒன்று சேர்த்தேன். அது போதாதென்று 'தாயைப் போல' என்று இன்னொன்றும். சேர்க்காமல் எழுதினால் அது எழுத்தா? ஊறுகாய் இல்லாத தயிர்ச்சோறு.

என் ஊறுகாய் உலகம் சுற்றியது. ஆங்கிலப் பத்திரிகையில் அரைப் பக்கம் வந்தது. சண்முகம் படம், பைனாகுலர் படம், கொப்பி படம். மொழிபெயர்ப்பாளர் பெயர் எங்கே என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன். 'நண்பர் ஒருவர் உதவியுடன்' என்று இருந்தது. நண்பர் ஒருவர்! அன்று என் வயிற்றில் எரிந்த நெருப்பில் பிரிக்பீல்ட்ஸ் முழுவதற்கும் அப்பம் சுட்டிருக்கலாம்.

அந்தப் பக்கத்தை ஜெர்மனியில் ஒருத்தி இன்டர்நெட்டில் பார்த்திருக்கிறாள். கப்டனின் பேத்தி. பெயர் கிறிஸ்டா ஹோல்ஸ்டர், அறுபது வயது. தாத்தா ஆல்பிரெக்ட் ஹோல்ஸ்டர் பிறந்த ஊரில் துறைமுகத்து வீதிக்கு அவர் பெயர். ஆனால் அந்த மனிதர் தண்ணீரில் கிடந்தவர்களைச் சுட்டுக் கொன்றார் என்று யுத்தம் முடிந்த நாளிலிருந்து ஒரு பேச்சு. சாட்சி இல்லை; பிழைத்து வந்தவர் யாரும் இல்லை. வீதிப் பெயரை எடுப்பதா வைப்பதா என்று ஊர் மன்றம் ஓட்டெடுக்கப் போகிறது. பேத்தி சண்முகத்துக்கு எழுதினாள்: 'எண்பது வருஷமாக எங்கள் வீட்டில் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டு முடித்ததில்லை. உங்கள் தந்தைதான் எங்களுக்குக் கிடைத்த ஒரே சாட்சி. நான் கோலாலம்பூர் வருகிறேன். கொப்பியைப் பார்க்க வேண்டும். பிறகு நீங்கள் எங்கள் ஊருக்கு வந்து மன்றத்தின் முன் பேச வேண்டும்.'

கடிதத்தை அவன் மன்றத்தில் எழுந்து நின்று வாசித்தான். மார்க்கிரட் கைதட்டினாள். மார்க்கிரட் ஓய்வுபெற்ற ஆஸ்பத்திரி மேட்ரன், எங்கள் மன்றப் பொருளாளர். வாராவாரம் அவள் கொண்டுவரும் சர்க்கரைப் பணியாரத்தில் முதல் பணியாரம் பதினோரு வருஷமாக எனக்குத்தான். அன்றைக்கு அது சண்முகத்தின் தட்டில் விழுந்தது.

"ஜெர்மனியில குளிரும், கம்பளிக் கோட்டு வாங்கிக்கோங்க சண்முகம்," என்றாள்.

"எனக்கும் குளிருது," என்றேன்.

"உங்களுக்கு ஃபேன் நேரா அடிக்குது மாஸ்டர், தள்ளி உக்காருங்க."

ஜெர்மனிக்காரி வரும் சனிக்கிழமைக்குக் கூட்டம் ஏற்பாடானது. சண்முகம் பெரிய மனசு பண்ணி, "மாஸ்டர், மேடையிலை மொழிபெயர்ப்பை நீயே வாசி" என்றான். பிச்சை போடுகிற குரல். இருந்தாலும் வாங்கிக்கொண்டேன். மேடையில் அவனைவிட நன்றாகத் தெரிய வேண்டும் என்று கிள்ளானுக்கு ரயிலேறினேன்.

கிள்ளானில் தெங்கு கெலானா சாலைப் பக்கம் ஒரு சின்னத் தையல் கடை. சிவேந்திரன் என்று ஒருவர் தைக்கிறார். நாற்பத்தைந்து வயதிருக்கும். இலங்கைச் சண்டை முடிந்த பிறகு இங்கே அகதியாக வந்தவர். ஒரு வாரம் முன்பு ஜிப்பா தைக்கக் கொடுத்திருந்தேன். சண்முகம் கோட்டு போட்டு வந்தால் நான் பட்டு ஜிப்பாவில் வந்து அவனை மங்க வைப்பதாகத் திட்டம்.

சிவேந்திரன் ஜிப்பாவை எடுத்துக் கொடுத்து, திரைச்சீலைக்குப் பின்னால் போகச் சொன்னார். ஐந்து நிமிஷத்தில் எனக்குக் கமியூட்டர் ரயில். அவசரத்தில் தலை கைத்துவாரத்தில் மாட்டிக்கொண்டது. உள்ளேயிருந்து முனகினேன்.

"ஐயா, ஆறுதலாப் போடுங்கோ," என்றார் வெளியிலிருந்து.

"ஆறுதலா? என் வீட்டுல என்ன எழவா விழுந்திருக்கு? ஜிப்பாதானே போடுறேன்!"

அவர் சிரித்தார். "அது உங்கட தமிழ் ஐயா. எங்கட தமிழிலை ஆறுதலா எண்டா மெதுவா. அவசரப்படாம. நேரம் எடுத்து."

தலை ஜிப்பாவுக்குள்ளேயே இருந்தது. எதையும் பார்க்க முடியவில்லை. அந்த மூன்று வரி மட்டும் கண் முன்னால் தெரிந்தது.

கப்டன் ஆறுதலாய் ஒவ்வொருத்தராய்ப் பார்த்து முடிச்சார்.

ஒருவழியாகத் தலையை வெளியே எடுத்தேன். "தம்பி," என்றேன், "உங்க தமிழ்ல சன்னம்னா என்ன? குரல் சன்னமாயிருச்சுன்னு சொல்வோமே, அதுதானே?"

அவர் தன் இடது கைச் சட்டையை முழங்கைக்கு மேலே சுருட்டினார். உள்பக்கம் தோல் சுருங்கி ஒரு குழி. சுண்டுவிரல் நுனி அதில் அடங்கும்.

"இதுதான் சன்னம். துவக்குச் சன்னம். நீங்கள் குண்டு எண்டுவியள்."

பிறகு சட்டைக் கையை இறக்கிவிட்டு, "தோள்பட்டையிலை கொஞ்சம் பிடிக்குதோ ஐயா? விட்டுத் தரட்டோ?" என்று கேட்டார்.

ஐந்து நிமிஷத்து ரயிலை விட்டேன். அடுத்த ரயிலையும் விட்டேன். பிளாட்பாரத்தில் ஜிப்பாப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

முதலில் வந்தது சந்தோஷம். மறைப்பானேன், அப்படி ஒரு சந்தோஷம் எனக்குப் பேரன் பிறந்தபோதுகூட வரவில்லை. சண்முகத்தின் கப்டன் கொலைகாரன்! கம்பளிக் கோட்டு போச்சு! பணியாரம் திரும்பி வரும்! எழுந்து இரண்டு எட்டு நடந்தேன். மூன்றாவது எட்டில் நின்றுவிட்டேன். கண்ணீர் மல்க. தாயைப் போல. அதை எழுதிய கை யாருடையது? நாற்பது வருஷம் தமிழ் சொல்லிக் கொடுத்த தலைமையாசிரியர் கை. சண்முகத்தைக் கவிழ்க்க வேண்டுமானால் நான் நிற்கிற படகையும் சேர்த்துத்தான் கவிழ்க்க வேண்டும்.

வீட்டுக்குப் போய் அமுதவள்ளியிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"ஆறுதல்னு இருந்தது, சரி, தப்பாப் புரிஞ்சிக்கிட்டீங்க. கண்ணீர் எங்கேருந்து வந்துச்சு?"

"அது நடையழகுக்கு."

"அந்தக் கொப்பியில இருந்துச்சா?"

"இல்ல."

"தாய்?"

"அதுவும் இல்ல."

"எத்தனை பேருங்க தண்ணியில இருந்தாங்க?"

அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. கொப்பியை மூன்று வாரம் வீட்டில் வைத்திருந்தேன். ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. அவள் கீரைக்கட்டை மடித்து எழுந்து போய்விட்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நியாயத்துக்காக முடிவெடுத்தேன் என்று சொன்னால் நீங்கள் நம்பக் கூடாது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? என் கண்ணீரை எடுத்துக்கொண்டு சண்முகம் விமானம் ஏறுவான். என் தாயை வைத்து அங்கே கைதட்டல் வாங்குவான். கொன்றவன் பெயரில் வீதி நிலைத்து நிற்கும். இந்த மூன்றில் எனக்கு மிகவும் பொறுக்க முடியாதது முதலாவது. மற்ற இரண்டும் அதன் பின்னால் வால் பிடித்துக்கொண்டு வந்தன. எப்படியோ மூன்றும் ஒரே பக்கம் இழுத்தன.

சனிக்கிழமை காலை பத்து மணி. மாடி நிரம்பி வழிந்தது. நாலாயிரம் பேர் என்று சொல்ல வாய் வருகிறது. நாற்பது பேர். கிறிஸ்டா முன்வரிசையில் இருந்தாள். உயரமான பெண், வெயிலில் மூக்கு சிவந்திருந்தது. மார்க்கிரட் கட்டிவிட்ட சேலை தோளில் நிற்காமல் நழுவிக்கொண்டே இருந்தது. சண்முகம் கோட்டில். நான் பட்டு ஜிப்பாவில். யாரும் என் ஜிப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சண்முகம் பேசினான். அப்பா, கப்டன், கருணை. பிறகு, "என்ட நண்பர் வீரப்பன் மாஸ்டர் இப்ப வாசிப்பார்" என்று கொப்பியையும் டைப் செய்த தாளையும் என் கையில் கொடுத்தான்.

தாளை மடித்து ஜிப்பாப் பைக்குள் வைத்தேன். கொப்பியைத் திறந்தேன்.

"சண்முகம்," என்றேன். "உன் அப்பா எழுதினத நீ ஒரு தடவைகூடக் காதால கேட்டதில்ல. கேளு."

வாசித்தேன். திருச்செல்வம் எழுதியிருந்தபடி, நிறுத்தி நிறுத்தி.

'தண்ணியிலை தத்தளிச்ச சனத்தைக் கப்டன் ஆறுதலாய்...'

சண்முகத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வாசித்தேன். அந்த முகம் விழுவதைப் பார்க்கத்தானே இவ்வளவு பாடு? எழுத்துத் தெரியாதவன், ஆனால் காது யாழ்ப்பாணத்துக் காது. 'ஆறுதலாய்ச் சாப்பிடு', 'ஆறுதலாய் நட' என்று அந்த அப்பாவிடம் ஆயிரம் தடவை கேட்டு வளர்ந்த காது. அவனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. 'ஒவ்வொருத்தராய்ப் பார்த்து முடிச்சார்' என்று நான் முடிக்கும்போது அவன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டான். 'சன்னம் முடிஞ்ச பிறகுதான்' என்றபோது கண்ணை மூடிக்கொண்டான்.

கீழே கடையில் யாரோ, "மேல நாலு தே தாரிக்!" என்று டீக்குக் குரல் கொடுத்தார்கள்.

"திருப்பி வாசி, மாஸ்டர்," என்றான்.

வாசித்தேன்.

கிறிஸ்டா ஆங்கிலத்தில் கேட்டாள், "என்ன சொல்கிறார்? அந்தக் கண்ணீர் வருகிற இடம் இதுதானே?"

நான் வாயைத் திறந்தேன். சண்முகம் கையைக் காட்டி என்னை நிறுத்தினான். எழுந்து அவள் பக்கம் திரும்பினான். அவனுடைய ரயில்வே ஆங்கிலத்தில், ஸ்டேஷன் மாஸ்டர் ரயில் தாமதத்தை அறிவிக்கிற மாதிரி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான்.

"அவர் அவசரப்படவில்லை, மேடம். நேரம் எடுத்துக்கொண்டார். தண்ணீரில் இருந்தவர்களை ஒவ்வொருவராக முடித்தார். குண்டு தீர்ந்த பிறகுதான் உள்ளே போனார். பொழுது சாய்வதற்குள் சத்தம் நின்றுவிட்டது. என் அப்பா அவர் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். அப்பா கப்பல் கிளார்க், கப்பல்கள் போகிற வழி அவருக்குத் தெரிந்திருக்கும். அதனால்தான் அவரை மட்டும் தூக்கியிருக்க வேண்டும்."

"அப்படியானால் கண்ணீர்?" அவள் குரல் இப்போதுதான் உண்மையில் சன்னமாகி இருந்தது.

"கண்ணீர் என்னுடையது அம்மா," என்றேன். "நான் சேர்த்தது. தாயும் நான்தான்."

கோபத்துக்குத் தயாராக நின்றேன். அவள் சேலைத் தலைப்பைத் தோளில் இழுத்து விட்டுக்கொண்டு, "எங்கள் வீட்டிலும் இதேபோலச் சேர்த்துச் சேர்த்துத்தான் சொன்னார்கள்," என்றாள்.

சண்முகம் உட்கார்ந்தான். மெல்லத்தான் சொன்னான், ஆனால் எனக்குக் கேட்டது. "அப்பா எனக்குத் தமிழ் படிப்பிக்கேல்லை. குவார்ட்டர்ஸிலை மற்றப் பிள்ளைகள் எல்லாம் தமிழ் ட்யூஷனுக்குப் போனவை, எனக்கு மட்டும் வேண்டாம் எண்டவர். இதுக்குத்தானோ, மாஸ்டர்?"

கொப்பியை மூடி அவன் பக்கத்தில் வைத்தேன்.

அன்றைக்கு அவன் விழுவான் என்று நினைத்தேன் இல்லையா? விழவில்லை. என்ன நடந்தது தெரியுமா? ஆளாளுக்கு எழுந்து வந்து அவன் கையைப் பிடித்தார்கள். மார்க்கிரட் அவன் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தாள். ஒரு தட்டுப் பணியாரம் முழுவதும் அவன் மடியில் இருந்தது. கிறிஸ்டா அவன் கையைப் பிடித்து, "இதையே எங்கள் ஊரில் வந்து சொல்வீர்களா?" என்று கேட்டாள். சொல்கிறேன் என்றான். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சொன்ன நாலு டீயில்கூட மூன்றுதான் வந்தது.

நான் கவிழ்த்த படகிலிருந்து அவன் மட்டும் கரையேறி, மாலை போட்டுக்கொண்டு, மறுபடி ஜெர்மனிக்கே போகிறான்! இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல? மேடையில் ஒரு நிமிஷம் பேசினான். அதுவும் நான் வாசித்ததை. அந்த வாரம் ஆங்கிலப் பத்திரிகையில் மறுபடி அரைப் பக்கம். இந்தத் தடவை 'நண்பர் ஒருவர்' கூட இல்லை.

திங்கட்கிழமை என் வீட்டு வாசலில் வந்து நின்றான், கொப்பியோடு.

"மாஸ்டர், முதல்லேயிருந்து வாசி. எல்லாத்தையும். கூட்டாம வாசி."

அமுதவள்ளி காப்பி கலந்து கொடுத்துவிட்டுத் தானும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். வாசித்துக்கொண்டே போனேன். கடைசியில் நான்கு பக்கம் வெறும் பட்டியல். முதல் தடவை பார்த்தபோது ஏதோ சாமான் பட்டியல் என்று தள்ளிவிட்டேன். இப்போது வாய்விட்டு வாசித்தால்தான் தெரிந்தது. திருச்செல்வம் கப்பல் கிளார்க். ஆட்களின் பெயர்ப் பதிவு அவரிடம்தான் இருந்திருக்கும். கப்பலோடு அது மூழ்கிப் போக, மறுபடி ஞாபகத்திலிருந்து எழுதியிருக்கிறார். நாகூர் முகம்மது காசிம், தண்டல், அதாவது மேல்தட்டு ஆட்களுக்குத் தலைவன். காரைக்கால் சேது, அடுப்பில் நிலக்கரி அள்ளுபவன். தூத்துக்குடி அந்தோனி, சமையல். சிட்டகாங் ஆட்கள் ஒரு பக்கம். கோவாக்காரர் இருவர். சில இடங்களில் பெயருக்குப் பதில், 'பெயர் ஞாபகமில்லை, இடது கண் மாறுகண்' என்று இருந்தது.

அமுதவள்ளி விரல் விட்டு எண்ணினாள். "முப்பத்தெட்டு," என்றாள்.

அவள் கேட்ட கேள்விக்கு அதுதான் பதில்.

சண்முகம் அந்தப் பெயர்களை ஜெர்மனியில் வாசிக்க வேண்டும் என்றான். நான் ஆங்கில எழுத்தில் டைப் செய்தேன். முப்பத்தெட்டு, முப்பத்தெட்டாகவே வந்தது. பிறகு உச்சரிப்பு. பத்து நாள், சாயங்காலம் ஐந்து மணிக்கு, அவன் மகள் வீட்டுக்கு எதிரே பூங்காவில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேன். சிங்கத்துக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்திருக்கலாம், அது சுலபம். இருபத்தேழாவது பெயர் கீழையூர் பழனி.

"பலனி," என்பான்.

"பலனி இல்லடா. பழனி. நாக்க மடி."

"மடிச்சால் பல்லு கழருது, மாஸ்டர்."

"கழரட்டும். அந்த ஆளுக்கு உசுரே கழண்டுச்சு."

ஒன்பதாம் நாள் சரியாகச் சொன்னான். பத்தாம் நாள் மறந்தான். பதினோராம் நாள் விமானம்.

போய்ச் சேர்ந்து நான்காம் நாள் வாட்ஸ்அப்பில் வீடியோ வந்தது. கல் கட்டடம், உயரமான கூரை, நூறு பேர் இருக்கலாம். சண்முகம் கம்பளிக் கோட்டில் நின்று பேசினான். பெயர்களை வாசித்தான். பத்தாவது பெயரில் ஒரு கிழவர் எழுந்து நின்றார். பிறகு ஒவ்வொருவராக எல்லாரும் எழுந்துவிட்டார்கள். கிறிஸ்டா முதல் பெயரிலிருந்தே நின்றுகொண்டிருந்தாள். ஓட்டெடுப்பு நடந்து, வீதிப் பலகையை இறக்குவதென்று முடிவானதாம். ஊரே அவனை விருந்துக்குக் கூட்டிப் போகிறதாம்.

வீடியோவைப் பதினோரு தடவை பார்த்தேன். தப்பு இருக்கும், இருந்தே ஆக வேண்டும், சண்முகம் தப்பில்லாமல் ஒரு காரியம் செய்தான் என்றால் உலகம் தாங்காது. பன்னிரண்டாவது தடவை காதில் ஒயரை மாட்டிக்கொண்டு கேட்டேன். கிடைத்தது! இருபத்தேழாவது பெயர். 'பலனி'.

அந்த ஆனந்தத்தில் துள்ளி எழுந்து ஜெர்மனிக்கு வீடியோ கால் போட்டேன். அங்கே மத்தியானம். எடுத்தவன் வாயில் ஏதோ மென்றுகொண்டிருந்தான்.

"சண்முகம், எங்கடா இருக்கே?"

"விருந்திலை மாஸ்டர். எல்லாரும் இருக்கினம். மீன் நல்லாயிருக்கு."

"மீனைக் கீழ வை. இருபத்தேழாவது பேரத் தப்பாச் சொல்லிட்டே."

அவன் மெல்வது நின்றது. "பழனியோ?"

"இப்ப சரியாச் சொல்றியே! அப்ப ஏன்டா விட்டே?"

நாற்காலி இழுபடும் சத்தம். கரண்டியால் கண்ணாடிக் குவளையைத் தட்டும் சத்தம். அந்த ஊர் ஆட்களிடம் ஆங்கிலத்தில் ஏதோ மன்னிப்புக் கேட்கிறான். ஒருவரின் பெயரைத் தவறாகச் சொல்லிவிட்டேன், மறுபடி சொல்கிறேன் என்கிறான். நாற்காலிகள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்கின்றன. போனை யாரிடமோ கொடுத்துவிட்டான் போல, கூரைதான் தெரிந்தது.

அமுதவள்ளி அடுப்படியிலிருந்து வந்து என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"நாக்க மடிடா," என்றேன் போனுக்குள்.

மடித்தான்.